கூட்டு வீட்டுக்கடன் கேட்கும்போது வேலை மாறினால், கான்ட்ராக்டில் இருந்தால்: பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் வீட்டுக்கடன் கோப்புகளைத் தயார்செய்து வங்கிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை என்னுடையது. எலெக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு, கே.ஆர்.புரம் பக்கம் வேலைபார்க்கும் நம்மவர்கள் கணவன் மனைவியாகச் சேர்ந்து கடன் கேட்டு வருவார்கள். இருவரில் ஒருவர் அண்மையில்தான் கம்பெனி மாறியிருப்பார், அல்லது கான்ட்ராக்டில் இருப்பார். சம்பளம் நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் வங்கி தயங்கும். ஏன் தயங்குகிறது, அதற்கு என்ன செய்யலாம் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். வங்கிக்கு வங்கி விதி மாறும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். உதாரணக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் 8.5 சதவீத வட்டி, 20 வருடத் தவணை என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கணக்கில் ஒரு லட்சம் ரூபாய்க் கடனுக்கு மாதம் சுமார் 868 ரூபாய் இஎம்ஐ.

இரண்டு பேர் சேர்ந்து விண்ணப்பித்தால் இரண்டு சம்பளத்தையும் அப்படியே கூட்டிக்கொள்வார்களா?

கூட்டுவார்கள், ஆனால் அதற்கு முன் ஒவ்வொரு சம்பளத்தையும் தனித்தனியாகச் சலித்துப் பார்ப்பார்கள். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். சேர்ந்து கேட்கிறோம், ஒருவர் வேலை நிலையாக இருந்தால் மற்றவரின் குறை மறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி மறையாது. குறை உள்ள வருமானத்தைப் பாதியாகக் குறைத்து எடுப்பார்கள், அல்லது கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவருக்குக் கைக்கு வருவது 1,20,000 ரூபாய், மனைவிக்கு 80,000. இருவருக்கும் சேர்த்து இரண்டு லட்சம். எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து கைக்கு வரும் வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று வங்கி வைத்திருந்தால், ஒரு லட்சம் வரை தவணை கட்டலாம். ஏற்கெனவே கார் லோன் 15,000 போகிறது. மீதி 85,000. அதற்குச் சுமார் 98 லட்சம் ரூபாய் கடன் கிடைக்கும்.

இப்போது மனைவி கம்பெனி மாறி ஒரு மாதம்தான் ஆகிறது என்று வங்கி அவர் சம்பளத்தை விட்டுவிட்டால்? கணவரின் சம்பளத்தில் பாதி 60,000. அதில் கார் லோன் போக 45,000. கடன் சுமார் 52 லட்சமாக இறங்கிவிடும். சம்பளம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, ஆனால் கடன் 46 லட்சம் குறைந்துவிட்டது. கார் லோன் இருவரில் யார் பெயரில் இருந்தாலும் இந்தக் கணக்கில் கழித்துவிடுவார்கள் என்பதையும் பாருங்கள்.

பாதி என்பது எல்லா வங்கிக்கும் பொது அல்ல. சம்பளம் குறைவாக இருந்தால் 40 சதவீதத்தில் நிறுத்துபவர்களும், அதிகமாக இருந்தால் 60 வரை போகிறவர்களும் உண்டு.

கம்பெனி மாறி ஒரு மாதம்தான் ஆகிறது. விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம். ஆனால் மூன்று மாதச் சம்பளச் சீட்டு சேரும்வரை காத்திருப்பது நல்லது. பெரும்பாலான வங்கிகள் கேட்பது கடைசி மூன்று மாதச் சீட்டு, ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, இரண்டு வருட ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்குக் கம்பெனி தரும் சான்று). காத்திருக்க முடியாது, பார்த்த வீடு கைநழுவிப் போய்விடும் என்றால், புதிய கம்பெனியின் அப்பாயின்ட்மென்ட் லெட்டர், முதல் மாதச் சீட்டு, அந்தச் சம்பளம் கணக்கில் வரவான பக்கம், பழைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டர், அங்கே வாங்கிய கடைசிச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுங்கள். அதே துறையில், கூடுதல் சம்பளத்துக்கு, நடுவில் இடைவெளி இல்லாமல் மாறியிருந்தால் நிறைய வங்கிகள் ஏற்றுக்கொள்கின்றன. அவர்கள் பார்ப்பது இந்தக் கம்பெனியில் எத்தனை மாதம் என்பதை மட்டுமல்ல, மொத்த அனுபவம் எவ்வளவு என்பதையும்தான்.

பிஎஃப் விஷயத்தில் ஒரு வார்த்தை. பழைய கம்பெனியை விட்டதும் பிஎஃப் பணத்தை எடுத்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. எடுக்காமல் அதே யுஏஎன் எண்ணில் (கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) புதிய கணக்குக்கு மாற்றிவிடுங்கள். எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எந்தத் தேதியில் விலகினீர்கள் என்பது அந்தப் பதிவில் வரிசையாக இருக்கும். ரிலீவிங் லெட்டர் தாமதமானாலும் அது உங்கள் பக்கம் பேசும். பழைய கம்பெனி விலகல் தேதியை ஏற்றியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஏறாமல் இரண்டு கம்பெனியிலும் ஒரே நேரத்தில் வேலைபார்ப்பதுபோலத் தெரிந்தால், தேவையில்லாத கேள்விகள் வரும்.

ப்ரொபேஷனில் இருந்தால்?

அனுபவம் உள்ளவருக்கு அது பெரிய தடையல்ல. முதல் வேலையிலேயே ப்ரொபேஷன் என்றால் கஷ்டம்தான். வங்கிகளிடம் கம்பெனிகளின் பட்டியல் ஒன்று இருக்கும். பெரிய ஐடி கம்பெனிகள், பன்னாட்டு நிறுவனங்கள் அதில் மேல் வரிசையில் இருக்கும். அங்கே ப்ரொபேஷனைக் கண்டுகொள்ளாமல் விடும் வங்கிகூட, போன வருடம் தொடங்கிய ஸ்டார்ட்அப்பில் சேர்ந்தவரிடம் வேலை உறுதிக் கடிதம் கேட்கும். ஆகவே ஆஃபரை ஒத்துக்கொள்ளும் முன், நீங்கள் போகவிருக்கும் வங்கியின் பட்டியலில் அந்தக் கம்பெனி இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

சேங்ஷன் லெட்டர் கைக்கு வந்துவிட்டது. இப்போது 40 சதவீதம் கூடுதலாக ஒரு ஆஃபர். பேப்பர் போடலாமா, அதாவது ராஜினாமா செய்யலாமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. அதிகம் பேர் அவசரப்படுவதும் இங்கேதான்.

சேங்ஷன் லெட்டர் வேறு, பணம் கைமாறுவது வேறு. சேங்ஷன் என்பது, இன்றைய நிலையில் உங்களுக்கு இவ்வளவு தரலாம் என்ற ஒப்புதல் மட்டும்தான். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அது காலாவதியாகிவிடும். விண்ணப்பதாரரின் வேலையிலோ வருமானத்திலோ முக்கியமான மாற்றம் வந்தால் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்ற நிபந்தனையும் அதில் இருக்கும். பொடி எழுத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை. அதற்குப் பிறகு சட்டக் கருத்து, மதிப்பீடு, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் முடிந்து, பத்திரப்பதிவுக்குச் செக் கொடுக்கும் முன், வேலையை இன்னொரு முறை உறுதிப்படுத்திக்கொள்வது உண்டு. ஹெச்ஆருக்கு மின்னஞ்சல் போகும், அல்லது ஆளே அலுவலகத்துக்கு வருவார். அவர் நோட்டீஸ் பீரியடில் இருக்கிறார் என்று பதில் வந்துவிட்டால் கோப்பு அங்கேயே நிற்கும்.

நிற்பது எந்த நேரத்தில் என்று யோசியுங்கள். வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பீர்கள். சேல் அக்ரிமென்ட்டில் இத்தனை நாளுக்குள் பதிவு செய்யாவிட்டால் அட்வான்ஸ் போய்விடும் என்று எழுதியிருக்கும். பெங்களூர் ஐடி கம்பெனிகளில் 60, 90 நாள் நோட்டீஸ் சகஜம். அதை முடித்து, புதிய இடத்தில் சேர்ந்து, முதல் சீட்டு வாங்கி, மறுபடி வங்கிக்குப் போவதற்குள் அக்ரிமென்ட் கெடு தாண்டிவிடும்.

அதனால் என் யோசனை இரண்டே வழி. கட்டி முடித்த வீடு, பதிவுக்கு இன்னும் சில வாரம்தான் என்றால், புதிய கம்பெனியிடம் முடிவைச் சொல்லக் கொஞ்சம் அவகாசம் கேட்டு, பதிவும் பட்டுவாடாவும் முடிந்த பிறகு பேப்பர் போடுங்கள். வீடு இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்றால், முதலில் வேலையை மாற்றிக்கொண்டு, மூன்று சீட்டு சேர்ந்ததும் கூடுதல் சம்பளத்தில் புதிதாக விண்ணப்பியுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டுவதுதான் ஆபத்து.

எந்த வழியில் போனாலும், வங்கிக் கடன் கிடைக்காமல் போனால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒரு வரியை சேல் அக்ரிமென்ட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளிப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் அபார்ட்மென்ட் என்றால்?

அங்கே பணம் ஒரே தடவையில் போவதில்லை. கட்டுமானம் ஏற ஏற, தவணை தவணையாக பில்டருக்குப் போகும். நடுவில் இருவரில் ஒருவர் வேலை மாறினால் பெரும்பாலும் பிரச்சினை வராது. வேலையே போய், முதலில் கொடுத்த தொகைக்கான வட்டியும் கட்டாமல் நின்றால், அடுத்த பட்டுவாடாவை நிறுத்திவைக்க வங்கிக்கு உரிமை உண்டு. பில்டரோ தாமதத்துக்கு வட்டி போடுவார். இரண்டு மூன்று வருடம் இழுக்கும் கட்டுமானத்தில், ஒரே வருமானத்தில் சமாளிக்க முடியுமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கணக்குப் போட வேண்டும்.

வேலை மாறுவதை வங்கியிடம் சொல்லாமலே இருந்துவிட்டால்?

தெரிந்துவிடும். ஹெச்ஆர் சொல்வார், அல்லது அடுத்த மாதச் சம்பளம் வேறு பெயரில் கணக்கில் விழும். தெரிந்தே மறைத்தது என்று குறிப்பு எழுதப்பட்டால் அந்த வங்கியின் கதவு நெடுநாள் அடைத்தே இருக்கும். சொல்லிவிட்டால், பெரும்பாலும் புதிய ஆவணங்களைக் கேட்டு மறுபடி கணக்குப் போடுவார்கள், அவ்வளவுதான்.

நடுவில் நான்கு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். சொல்லலாமா?

லே-ஆஃப் இப்போது பெங்களூரில் யாருக்கும் புதிய செய்தி இல்லை, வங்கி அதிகாரிக்கும்தான். அந்த மாதங்களில் சம்பள வரவு இல்லை என்பது வங்கிக் கணக்கு அறிக்கையிலேயே தெரியும். கம்பெனி கொடுத்த கடிதத்தையும் கணக்குத் தீர்த்த தொகை வரவான விவரத்தையும் சேர்த்து, நான்கு வரியில் ஒரு விளக்கக் கடிதம் கொடுங்கள். அந்த மாதங்களில் கிரெடிட் கார்டு, பழைய கடன் எதுவும் தவறாமல் கட்டியிருந்தால் அதுவே பெரிய பலம். தவறியிருந்தால், இடைவெளியைவிட அந்தத் தவறுதான் உறுத்தும்.

கான்ட்ராக்ட் என்று சொன்னாலே வங்கி மறுக்கிறது. உண்மையா?

எந்தக் கான்ட்ராக்ட் என்பதைப் பொறுத்தது. பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் கான்ட்ராக்ட் என்றே சொல்லிவிடுகிறோம். வங்கிக்கு அதில் இரண்டு சாதி உண்டு.

முதலாவது, ஒரு மேன்பவர் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டு வேறொரு பெரிய கம்பெனிக்குள் உட்கார்ந்து வேலைபார்ப்பது. மாதச் சீட்டு வரும், பிஎஃப் பிடிப்பார்கள், ஃபார்ம் 16 தருவார்கள். காகிதத்தில் நீங்கள் சம்பளக்காரர். வங்கி உங்கள் பேட்ஜில் உள்ள கம்பெனியைப் பார்க்காது, சம்பளம் போடும் கம்பெனியைத்தான் பார்க்கும். ஒப்பந்தம் எத்தனை மாதம், இதற்கு முன் எத்தனை முறை புதுப்பித்தார்கள் என்று கேட்கும். இரண்டு வருடம் தொடர்ந்து புதுப்பித்த கடிதங்கள் கையில் இருந்தால், வாதாட வேண்டிய அவசியமே இருக்காது.

இரண்டாவது, கன்சல்டன்ட். மாதா மாதம் நீங்கள் பில் போடுவீர்கள், கம்பெனி டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமானவரி) பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பும். பிஎஃப் கிடையாது, ஃபார்ம் 16-க்குப் பதிலாக 16ஏ வரும். தினமும் அதே அலுவலகம், அதே மேனேஜர், அதே ஸ்டாண்ட்அப் மீட்டிங். ஆனாலும் வங்கிக்கு நீங்கள் சுயதொழில் செய்பவர். சம்பளக்காரர் என்று எழுதி விண்ணப்பித்துவிட்டு, பிறகு 26ஏஎஸ் படிவத்தில் (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பதிவு) வேறு விதமாகத் தெரிந்து திரும்பி வந்த கோப்புகள் நிறைய. நீங்கள் எந்த வகை என்று சந்தேகமாக இருந்தால் வருமானவரித் தளத்தில் அந்தப் படிவத்தைத் திறந்து பாருங்கள். வரி பிடித்தது சம்பளம் என்ற தலைப்பிலா, தொழில்முறைக் கட்டணம் என்ற தலைப்பிலா என்பது அங்கேயே இருக்கும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறித்த காலத்துக்கு நேரடியாக வேலைக்கு எடுக்கப்பட்டவருக்கும் நிரந்தர ஊழியருக்கு உள்ள சலுகைகள் உண்டு. ஒரு வருடம் முடிந்தாலே கிராஜுவிட்டி. நல்ல மாற்றம்தான். ஆனால் சட்டம் சமமாகப் பார்ப்பதால் கடன் அதிகாரியும் சமமாகப் பார்ப்பார் என்று எண்ண வேண்டாம். அவர் கண்ணில் படுவது ஒப்பந்தம் முடியும் தேதிதான்.

கன்சல்டன்ட்டாக மாதம் ஒன்றரை லட்சம் வருகிறது. எவ்வளவு கடன் கிடைக்கும்?

நீங்கள் எதிர்பார்ப்பதில் பாதிதான் கிடைக்கலாம். காரணம் உங்கள் ஐடிஆர், அதாவது வருமானவரிக் கணக்குத் தாக்கல்.

44ஏடிஏ என்று எல்லோரும் சொல்லும் உத்தேச வருமான முறை ஒன்று இருக்கிறது. சட்டம் பட்டியலிட்ட தொழில்முறையாளர்கள், தொழில்நுட்ப ஆலோசகர்கள் உட்பட, வருட வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் அதில் பாதியை மட்டும் லாபமாகக் காட்டி வரி கட்டலாம். ரொக்க வரவு ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் வரம்பு 75 லட்சம். கணக்குப் புத்தகம் வேண்டாம், தணிக்கை வேண்டாம். ஆடிட்டர் முதலில் சொல்லும் யோசனை இதுதான். வரிக்கு நல்லது, கடனுக்குக் கெட்டது.

மாதம் ஒன்றரை லட்சம் என்றால் வருடம் 18 லட்சம். பாதி காட்டினால் வருமானம் 9 லட்சம், மாதம் 75,000. வரியைக் கழிக்காமலே பார்த்தாலும் அதில் பாதி 37,500. கடன் சுமார் 43 லட்சம். அதே ஒன்றரை லட்சம் சம்பளமாகக் கைக்கு வந்திருந்தால் சுமார் 86 லட்சம்.

பாதிக்கு மேல் காட்டக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. பாதிக்குக் குறையக்கூடாது என்றுதான் சொல்கிறது. உண்மையான செலவு ஒரு லேப்டாப்பும் இணைய இணைப்பும்தான் என்றால், உண்மையான லாபத்தைக் காட்டி வரி கட்டுங்கள். அதுதான் முறையும்கூட. ஆனால் இதை வீடு வாங்கும் வருடத்தில் திடீரென்று செய்தால் வங்கி நம்பாது. பெரும்பாலும் இரண்டு, சில இடங்களில் மூன்று வருட ஐடிஆர் கேட்பார்கள். வருமானம் ஒரே வருடத்தில் இரட்டிப்பாகியிருந்தால் இரண்டு வருடச் சராசரியை எடுப்பார்கள். ஆக, வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் இரண்டு வருடத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மொத்த வரவை வைத்தே கணக்குப் போடும் கடன் திட்டங்களும் சில இடங்களில் உண்டு. வட்டி கொஞ்சம் கூடும். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்பதும் தெரிந்திருக்கும். பதிவு செய்து ஒழுங்காகத் தாக்கல் செய்திருந்தால் அந்த ரிட்டர்ன்களே வருமானத்துக்குச் சாட்சி. வெளிநாட்டுக் கம்பெனிக்கு நேரடியாக வேலைபார்த்து டாலரில் வாங்குகிறவர்கள், ஒவ்வொரு வரவுக்கும் வங்கி தரும் பணவரவுச் சான்றை மாதா மாதம் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாகத் தேடும்போது கிடைக்காது.

நிரந்தர வேலையிலிருந்து கன்சல்டன்ட்டாக மாறப்போகிறேன். கடன் முதலிலா, மாற்றம் முதலிலா?

கடன் முதலில், மாற்றம் பிறகு. மாறிய பிறகு இரண்டு வருட ஐடிஆர் சேரும்வரை உங்கள் வருமானம் வங்கிக்கு இல்லாதது மாதிரிதான். ஆனால் ஒரு நிபந்தனை: உங்கள் வருமானத்தை எடுத்துவிட்டாலும் மற்றவர் சம்பளத்தில் தவணை கட்ட முடிய வேண்டும். முடியாது என்றால் கடனையும் கொஞ்சம் தள்ளிப்போடுவதே மேல்.

எனக்கு நிரந்தர வேலை, மனைவி கான்ட்ராக்ட். அவரைச் சேர்க்கலாமா, விட்டுவிடலாமா?

சேருங்கள். ஆனால் எதற்குச் சேர்க்கிறீர்கள் என்பதில் தெளிவாக இருங்கள். வீட்டில் பங்குதாரர் என்பது ஒன்று, கடனில் இணை விண்ணப்பதாரர் என்பது இன்னொன்று. பத்திரத்தில் பெயர் உள்ள எல்லோரும் கடனிலும் கையெழுத்துப் போட வேண்டும் என்று வங்கிகள் கேட்கும். கடனில் கையெழுத்துப் போட்டவர் எல்லோருக்கும் வீட்டில் பங்கு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் வருமானத்தைக் காட்டாமலே இணை விண்ணப்பதாரராகச் சேர்க்கலாம். அப்போது அவர் ஒப்பந்த விவரங்களைத் துருவித் துருவிக் கேட்கும் வேலை பாதி குறையும். பெண் பங்குதாரர் இருந்தால் வட்டியில் 0.05 சதவீதம் குறைக்கும் வங்கிகளும் உண்டு. பெரிய தொகை இல்லை, 50 லட்சத்துக்கு முதல் வருடம் சுமார் 2,500 ரூபாய்.

வரிச் சலுகை பற்றியும் கேட்பார்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு, குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு ஆளுக்கு இரண்டு லட்சம் வரை கழிவு. அதற்கு அவர் பத்திரத்திலும் இருக்க வேண்டும், கடனிலும் இருக்க வேண்டும், தவணையில் தன் பங்கைக் கட்டவும் வேண்டும். புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவு கிடையாது. ஆகவே வரியை மட்டும் நினைத்து இருவர் பெயரையும் போடுவது இப்போது பலருக்குப் பொருந்தாது.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். கான்ட்ராக்ட் வருமானத்தையும் சேர்த்து 98 லட்சம் தர வங்கி தயாராக இருந்தாலும், நிரந்தர வேலையில் உள்ளவரின் சம்பளம் மட்டும் தாங்கும் அளவுக்குப் பக்கத்தில் கடனை நிறுத்துங்கள். கான்ட்ராக்ட் பணம் வரும் மாதங்களில் அசலில் கூடுதலாகக் கட்டிக்கொண்டே போகலாம். தனிநபர் பெயரில் உள்ள மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே கட்டினால் அபராதம் கிடையாது, ரிசர்வ் வங்கி விதி அது. வீடு கொஞ்சம் சின்னதாக இருக்கும், சர்ஜாபூர் ரோட்டில் பார்த்தது சந்தாபுரா பக்கம் போகலாம். ஒப்பந்தம் புதுப்பிக்காத மாதத்தில் தூக்கம் கெடாது.

மனைவி மகப்பேறு விடுப்பில் இருக்கிறார். அவர் சம்பளத்தை எடுப்பார்களா?

முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. அந்தக் காலத்தில் சம்பளம் கணக்கில் வந்துகொண்டிருந்தால் அவர் வேலையில்தான் இருக்கிறார், கணக்கில் எடுக்க வேண்டும். விடுப்பு முடிந்து சம்பளமில்லா விடுப்பாக நீட்டியிருந்தால் நிலைமை வேறு, திரும்பிச் சேர்ந்து ஒன்றிரண்டு சீட்டு வந்த பிறகு கேளுங்கள். விடுப்பில் இருப்பதை வைத்து, திரும்பி வருவாரா என்று அதிகாரி சந்தேகத்தோடு கேட்பதும் நடக்கிறது. எரிச்சலூட்டும் கேள்விதான். சேரும் தேதியைக் குறிப்பிட்டு ஹெச்ஆர் தரும் ஒரு கடிதம் அந்தப் பேச்சை முடித்துவைக்கும்.

மனைவிக்குப் பதில் ஊரில் இருக்கும் அப்பாவையோ, தம்பியையோ சேர்த்தால்?

அப்பா வேலையில் இருந்தால் வயதுதான் சிக்கல். சம்பளக்காரருக்குப் பெரும்பாலும் 60 வயதுக்குள் கடன் முடிய வேண்டும். அப்பாவுக்கு 56 என்றால் அவர் வருமானம் நான்கு வருடத்துக்குத்தான் எண்ணப்படும். பென்ஷன் வந்தால் கூடுதல் வருடம் தருவார்கள். தம்பி என்றால் அவரும் வீட்டில் பங்குதாரராக வேண்டும் என்பார்கள். நாளைக்குத் தம்பி தனக்கொரு வீடு வாங்கப்போகும்போது இந்த முழுக் கடனும் அவர் கணக்கில் நிற்கும். உறவுக்குள் இதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஒருவர் சிபில் ஸ்கோர் (கடன்களை ஒழுங்காகக் கட்டியதற்கான மதிப்பெண்) குறைவு. கூட்டாகக் கேட்டால் சராசரி பார்ப்பார்களா?

பார்ப்பதில்லை. இருவரில் குறைந்த மதிப்பெண்ணை வைத்தே வட்டி முடிவுசெய்யும் வங்கிகள் உண்டு. 300 முதல் 900 வரை உள்ள அளவில் 750-க்கு மேல் இருந்தால் நிம்மதி. வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. இருவரும் எடுத்துப் பாருங்கள். வேலை மாறும்போது பழைய சம்பளக் கணக்கோடு ஒட்டியிருந்த கிரெடிட் கார்டை மறந்துவிட்டு, வருடக் கட்டணம் பாக்கி நின்று ஸ்கோர் இறங்கிய கதை அடிக்கடி வருகிறது.

கையிலிருந்து எவ்வளவு போட வேண்டும்? ஜாய்னிங் போனஸை நம்பலாமா?

கடன் தொகை 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் தரலாம், 75 லட்சத்தைத் தாண்டினால் 75 சதவீதம். ரிசர்வ் வங்கி வைத்த வரம்பு இது. முத்திரைத்தாள், பதிவுச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். கர்நாடகத்தில் 45 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 5 சதவீதம், அதன்மேல் செஸ், கூடுதல் தீர்வை. பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் 2 சதவீதம். எல்லாம் சேர்த்துச் சுமார் 7.6 சதவீதம். 80 லட்ச ரூபாய் வீடு என்றால் 16 லட்சம் முன்பணம், 6 லட்சத்துக்கு மேல் பதிவுச் செலவு. 22 லட்சம் கையில் இருக்க வேண்டும்.

இதற்கு ஜாய்னிங் போனஸை நம்ப வேண்டாம். ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அது பெரும்பாலும் வரும். நோட்டீஸ் நாட்களை முழுதும் வேலைபார்க்காமல் வெளியேறினால் அதற்கும் கையிலிருந்து பணம் போகும். ஆஃபர் லெட்டரில் பெரிதாகத் தெரியும் கம்பெனிப் பங்குகளையும் வங்கி வருமானமாக எடுப்பது அரிது.

ஓசூரில் வாங்கினால் விதி மாறுமா?

வேலை, வருமானம் பற்றிய விதி மாறாது, சொத்து பற்றியது மாறும். பெங்களூரில் இ-காத்தா (மாநகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவு) இல்லாமல் பதிவு நடக்காது, பி-காத்தா (முறையான அனுமதி இல்லாத சொத்துக்கான பதிவு) என்றால் பல வங்கிகள் ஒதுங்கும். ஓசூரில் பட்டா, வில்லங்கச் சான்றிதழ், டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி பார்ப்பார்கள். பெங்களூர்க் கிளையில் விண்ணப்பித்தாலும் சட்டக் கருத்து தமிழ்நாட்டு வழக்கறிஞரிடம் வாங்க வேண்டியிருக்கும். கொஞ்சம் கூடுதல் நாளாகும். அந்த நாட்களில் வேலை மாறிவிடாதீர்கள்.

ஒரு வங்கி மறுத்துவிட்டது. உடனே நாலு இடத்தில் போடலாமா?

வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் இருவர் சிபில் அறிக்கையிலும் ஒரு விசாரணை பதிவாகும். முதலில் மறுத்த காரணத்தைக் கேளுங்கள். வேலை மாறி நாளாகவில்லை என்றால் இரண்டு மாதம் பொறுத்தால் போதும். கன்சல்டன்ட் என்பதுதான் காரணம் என்றால், சுயதொழில் செய்பவர்களுக்குக் கடன் தரும் வீட்டுவசதி நிதி நிறுவனங்களைப் பாருங்கள். வட்டி ஒன்று, ஒன்றரை சதவீதம் கூடலாம். ஐடிஆர் சேர்ந்த பிறகு வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது அபராதம் வராமல் இருக்க, மாறும் வட்டிதானா என்பதை மட்டும் கையெழுத்துக்கு முன் முக்கிய விவரத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் முதல் அந்தத் தாளைக் கொடுத்தே ஆக வேண்டும்.

கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் வேலை போய்விட்டால்?

பாதித் தவணையை மட்டும் கட்டும் வசதி எதுவும் கிடையாது. இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. 90 நாளுக்கு மேல் நிலுவை நின்றால் வாராக் கடனாக வகைப்படுத்துவார்கள், பிறகு, அடமானச் சொத்தைக் கைப்பற்ற வங்கிக்கு வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதற்குக் காத்திருக்காமல், முதல் தவணை தவறும் முன்பே கிளைக்குப் போய்க் காலத்தை நீட்டிக்கக் கேளுங்கள். கடனோடு சேர்த்து விற்கும் காப்பீடு வேலையிழப்புக்கும் உதவும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் அது இறப்புக்கு மட்டும்தான். வேலையிழப்பைச் சேர்த்துத் தரும் பாலிசிகளும் சில மாதத் தவணையோடு நின்றுவிடும், தானாக விலகியவருக்குத் தராது.

கடன் வாங்கிய பிறகு வேலை மாறினால் வங்கிக்குச் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். கடன் ஒப்பந்தத்திலேயே பெரும்பாலும் அப்படி எழுதியிருக்கும். சொன்னால் ஒன்றும் ஆகாது, கடனைத் திரும்பக் கேட்க மாட்டார்கள். முக்கியமான வேலை வேறு: புதிய கம்பெனி வேறு வங்கியில் சம்பளக் கணக்கு திறந்துவிடும், தவணையோ பழைய கணக்கிலிருந்துதான் தானாகப் பிடிக்கப்படும். தானாகப் பிடிக்க நீங்கள் கொடுத்த அனுமதியான நாச் ஆணையைப் புதிய கணக்குக்கு மாற்றிக் கொடுங்கள். பதிவாகச் சில நாட்கள் பிடிக்கும். அதுவரை பழைய கணக்கில் இரண்டு மாதத் தவணைக்குப் பணம் வைத்திருங்கள்.